தையல் மெசினில் நாங்கள் விடும் பிழைகள்

மார்கழி கடைசியில் ஒரு விடியற்காலை. பள்ளிக்கூடம் தொடங்க முதல் தைத்துக் கொடுக்கவேண்டிய வெள்ளைச் சீருடைத் துணி மேசையில் குவிந்து கிடக்கிறது. மிதியை அமத்தினால் சில்லு அரைச் சுற்றோடு நிற்கிறது. பக்கத்து வீட்டு அக்காவின் மெசின் அது. "நேற்றுத்தானே பிள்ளை எண்ணெய் விட்டனான்" என்று அழாக்குறையாகச் சொன்னா. என்ன எண்ணெய் என்று கேட்க, குசினிக்குள் போய்ப் போத்தலை எடுத்துவந்தா. போத்தலுக்குள் தேங்காயெண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடந்தது. மெசினுக்குள்ளும் அதே கதைதான்.

தேங்காயெண்ணெய் சுமார் 24 பாகை செல்சியசில் உறையத் தொடங்கிவிடும். வன்னியில் அந்தக் குளிர் வருடத்தில் கொஞ்சக் காலம்தான் வரும் என்பதால் இந்தப் பிழை மற்ற மாதங்களில் பிடிபடாமல் இருக்கிறது. ஆனால் உறையாத காலத்திலும் அது நல்லதில்லை. நாள் போகப்போகப் பிசினாகி, நூல் தும்பையும் புழுதியையும் இழுத்து வைத்துக்கொள்ளும். நல்லெண்ணெய், மோட்டார் சைக்கிளில் இருந்து வடித்த பழைய ஒயில் எல்லாம் இதே சாதிதான். வீட்டு மெசினுக்கு வேண்டியது தண்ணீர்போல ஓடுகிற, நிறமில்லாத மெசின் ஒயில். சின்னப் போத்தல் ஒன்று வாங்கினால் ஒரு வீட்டுக்கு மாதக்கணக்கில் காணும்.

இறுகின மெசினுக்கு மண்ணெண்ணெய் விடலாமா என்று கேட்பார்கள். மிதி மெசினென்றால் விடலாம், ஆனால் அது கழுவுவதற்கு மட்டும். நூலைக் கழற்றிவிட்டு, ஒயில் ஓட்டைகளில் சில துளி விட்டுச் சில்லைக் கையால் சுற்றுங்கள். கறுப்பாக ஊத்தை வடியும். துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு மெசின் ஒயில் விடவேண்டும். எங்கள் ஆட்கள் மண்ணெண்ணெயோடு நிறுத்திவிடுகிறார்கள். மெசின் இலேசாக ஓடுவதைக் கண்டதும் சந்தோசம். வழுவழுப்பு இல்லாமல் இரும்பும் இரும்பும் தேய்வது அப்போது காதில் விழாது. கரண்ட் மோட்டார் பூட்டின மெசினில் இந்த வேலையே வேண்டாம். அடுப்புக்குக் கிட்டவும் செய்யவேண்டாம்.

ஒயிலும் ஓட்டைக்கு ஒரு துளி, கூடினால் இரண்டு. மெசினின் தலையைச் சரித்து அடியில் அசைகிற மூட்டுகளுக்கும், ஊசி நூலைக் கொழுவிப் பிடிக்கிற சட்டில் சுற்றுகிற வளையத்துக்கும் ஒவ்வொரு துளி. நூலை இறுக்குகிற தட்டுகளிலும் பெல்டிலும் பட்டுவிடக் கூடாது, பெல்ட் வழுக்கும். பிறகு பழைய துணியில் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். அந்த அக்கா அவசரத்தில் இதைச் செய்யவில்லை. முதல் சட்டையின் கொலரில் மஞ்சள் பொட்டு.

சோளகம் வீசுகிற மாதங்களில் கிரவல் றோட்டுப் புழுதி யன்னல் சாத்தினாலும் உள்ளே வந்துவிடும். தைத்து முடிந்தால் ஒரு பழைய சீலைத்துண்டாலாவது மூடுங்கள். துணியை நகர்த்துகிற பற்களுக்கு அடியில் தும்பு அடைந்தால் தையல் ஒரே இடத்தில் குவியும். அதை வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் படும், தும்பும் இன்னும் உள்ளே போகும். பழைய பல்லுத் தூரிகை போதும். வாடைக்காலத்தில் எதிரி துரு. வாழ்வாதார உதவியாகக் கிடைத்த எத்தனையோ மெசின்கள் தைத்துத் தேய்ந்து பழுதாகவில்லை, மூலையில் கிடந்தே பழுதானவை. தைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் கிழமைக்கு ஒருதரம் சும்மா ஓட்டவேண்டும். அப்படி ஓட்டும்போது துணியை அமத்துகிற மெசின் காலைத் தூக்கி விடுங்கள். துணி இல்லாமல் இறக்கி ஓட்டினால் பற்கள் தேயும்.

ஊசி உடையும்வரை மாற்றாத பழக்கம் எங்களுக்கு. எட்டு மணித்தியாலம் தைத்தாலே முனை மழுங்கத் தொடங்கும். மெல்லிய பிளவுஸ் துணிக்கு 11ஆம் இலக்க ஊசி, சாதாரண பருத்திக்கு 14, ஜீன்சுக்கு 16. கார்மென்ட்ஸில் வேலை செய்கிற பிள்ளை கொண்டுவரும் ஊசியைப் போட்டுப் பார்க்கிறவர்களும் உண்டு. அங்கத்தைய ஊசியின் தண்டு முழு உருண்டை. வீட்டு மெசின் ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டை. எந்தப் பக்கம் போடுவது என்று குழம்பினால், நீளப் பள்ளம் இருக்கிற பக்கத்தால் நூல் நுழையவேண்டும். தைக்கும்போது துணியைப் பின்னால் இழுக்கவும் வேண்டாம். ஊசி வளைந்து தகட்டில் மோதி உடையும்.

துணிக்கு அடியில் நூல் வளையம் வளையமாக வந்தால் எல்லாரும் உடனே அடி நூல் சுற்றின பொபினைப் போடுகிற பொபின் கேஸைத்தான் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் பிழை மேல் நூலில். காலை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்த்தால், அது இறுக்குகிற தட்டுகளுக்கு இடையில் சரியாக இறங்காது. காலைத் தூக்கிவிட்டு முழுக்க உருவித் திரும்பக் கோர்த்துப் பாருங்கள். மிதி மெசினைப் பழகுகிறவர்கள் சில்லைப் பின்பக்கம் சுற்றிவிட்டாலும் சட்டிலில் நூல் சிக்கும். சில்லின் மேற்பக்கம் எப்போதும் உங்களை நோக்கி வரவேண்டும்.

இன்னொன்று, கனடாவில் இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து தருகிற மெசின். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. பிளக்கின் முனையை மட்டும் மாற்றிச் செருகினால் மோட்டார் கருகிவிடும். முதலில் மோட்டாரின் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். 120 மட்டும் என்றால் மின்னழுத்தத்தைக் குறைக்கிற டிரான்ஸ்போமர் வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சரிவராமல் பொபின் கேஸ் ஸ்குரூவைத் தொடத்தான் வேண்டுமென்றால், கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். அதற்கு முதல் கீழே ஒரு வெள்ளைத் துணியை விரியுங்கள். அந்த ஸ்குரூ ஒரு நெல்மணி அளவுகூட இல்லை. மண் நிலத்தில் விழுந்தால், பழைய ரேடியோப் பெட்டி ஸ்பீக்கரில் இருந்து கழற்றின காந்தத்தோடு முற்றமெல்லாம் தவழவேண்டி வரும். நான் தவழ்ந்திருக்கிறேன்.