கோடி ரூபாய் வினாடி வினாவை நம்ம தெருவில் ஆடுவது எப்படி

ராயபுரமோ வியாசர்பாடியோ, பொங்கல் வந்தால் தெருவில் உறியடி, மியூசிக்கல் சேர், கோலப்போட்டி எல்லாம் இருக்கும். இந்த முறை டிவியில் வரும் கோடி ரூபாய் ஆட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மைக், சில பிளாஸ்டிக் நாற்காலிகள், யோசித்து எழுதிய கேள்விகள் இருந்தால் போதும். ஆனால் விதி தெரியாமல் ஆரம்பித்தால் அது பள்ளிக்கூட க்விஸ் மாதிரி ஆகிவிடும்.

1998-ல் பிரிட்டனில் தொடங்கிய ஆட்டம் இது. இந்தியில் 2000-ல் அமிதாப் பச்சன் நடத்தினார். தமிழில் 2012-ல் விஜய் டிவியில் சூர்யா நடத்திய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ பலருக்கு நினைவிருக்கும். பிறகு கலர்ஸ் தமிழில் ராதிகா நடத்திய, பெண்கள் மட்டும் ஆடிய ‘கோடீஸ்வரி’ வந்தது. அதில்தான் காது கேளாத, வாய் பேச இயலாத மதுரைப் பெண் ஒருவர் 2020-ல் ஒரு கோடியை வென்றார்.

முதலில் ஹாட் சீட்டுக்கு, அதாவது கேள்விக்குப் பதில் சொல்கிறவர் உட்காரும் நாற்காலிக்கு, ஆள் எடுக்க வேண்டும். நாலு பெயர்களைச் சொல்லி வரிசைப்படுத்தச் சொல்வார்கள், சரியாக, சீக்கிரமாகச் செய்தவர் உள்ளே. நம்ம ஆட்களுக்கு இப்படிக் கேளுங்கள்: சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினால் எண்ணூர், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், தண்டையார்பேட்டை எந்த வரிசையில் வரும்? கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர். தினமும் அந்த ரயிலில் போகிறவர்கூட அவசரத்தில் மாற்றி எழுதுவார். எல்லோருக்கும் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, எழுதி முடித்ததும் கையைத் தூக்கச் சொன்னால் சண்டை வராது.

இனிதான் முக்கியமான விஷயம். நிறைய பேர் கேள்வியை மட்டும் பார்க்கிறார்கள், தாங்கள் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்ப்பதே இல்லை. சூர்யா நடத்திய ஆட்டத்தில் 15 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு ஆப்ஷன், முதல் கேள்விக்கு 1,000 ரூபாய், 5-வதில் 10,000, 10-வதில் 3,20,000, 15-வதில் ஒரு கோடி. 5-ம் 10-ம் பாதுகாப்புப் படிகள், அவற்றைத் தாண்டியவர் தப்பாகச் சொன்னாலும் அந்தத் தொகைக்குக் கீழே போகமாட்டார். தெரியாவிட்டால் எந்தக் கேள்வியிலும் கையில் இருப்பதை வாங்கிக்கொண்டு எழுந்துவிடலாம். அப்படியானால் 11-வது கேள்வியில் எழுந்து போகிறவரைப் பார்த்தால் எனக்குத் தாங்காது! கையில் 3,20,000, தப்பாகச் சொன்னாலும் அதே 3,20,000. குருட்டாம்போக்கில் ஒரு ஆப்ஷனைச் சொன்னாலும் நஷ்டமே இல்லை, சரியாக விழுந்தால் 6,40,000. அதே மாதிரிதான் 6-வது கேள்வியும். பயப்பட வேண்டியது 10-வதுக்குத்தான்: கையில் 1,60,000 இருக்கும், தப்பாகச் சொன்னால் நேராக 10,000. பதில் தெரியாதபோது கேட்கும் உதவியான லைஃப்லைன் ஒன்றையாவது அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.

லைஃப்லைன்கள் சீசனுக்குச் சீசன் மாறும், தெருவுக்குப் பழைய மூன்றே போதும். ஃபிஃப்டி ஃபிஃப்டியில் இரண்டு தப்பான பதில்கள் போய்விடும். நண்பருக்கு போன் செய்தால் 30 நொடிதான் கிடைக்கும், அதனால் நலம் விசாரிக்காமல் கேள்வியை வாசியுங்கள், எடுக்கிறவருக்கும் முன்னாடியே சொல்லி வையுங்கள், ‘தெரியாது’ என்று உடனே சொல்கிறவர்தான் நல்ல நண்பர். பார்வையாளர் ஓட்டு சினிமா, விளையாட்டுக்குக் கை கொடுக்கும். 2024 கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா எந்த ஏரியா என்று நம்ம கூட்டத்தைக் கேட்டால் புதுவண்ணாரப்பேட்டை என்று மொத்தக் கையும் ஒரே பக்கம் எழும்பும். வேதியியலில் கேட்டால் கை நாலு பக்கமும் சிதறும், அப்போது அதை நம்பக்கூடாது.

கேள்வி எழுதுவதுதான் நிஜமான வேலை. தப்பான மூன்று ஆப்ஷனும் நம்பும்படி இருக்க வேண்டும். ‘1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எங்கிருந்து கிளம்பியது?’ என்று கேட்டு சென்ட்ரல், எழும்பூர், ராயபுரம், கடற்கரை என்று வையுங்கள். பாதிப் பேர் சென்ட்ரல் என்பார்கள். எழும்பூர் நிலையம் 1908-ல்தான் திறந்தது, சென்ட்ரல் 1873-ல்தான் வந்தது என்று தெரிந்தவர் அவை இரண்டையும் தானாகவே கழித்துவிடுவார், ஃபிஃப்டி ஃபிஃப்டி மிச்சம். விடை நம்ம ராயபுரம். ஒரே கேள்விக்கு இரண்டு சரியான விடை வந்துவிடாதபடி இன்னொருவரை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

ஒரு ஆளுக்கு 15 கேள்வி என்றால் கூட்டம் கலைந்துவிடும். 9 வையுங்கள், 3-லும் 6-லும் பாதுகாப்புப் படி. முதல் படிக்கு எவர்சில்வர் டம்ளர், அடுத்ததற்குக் குடம், கடைசிக்குக் குக்கர். டிவி ஜெயிப்பில் 30 சதவீத வரியும், அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் போகும், 3,20,000-ல் 2,20,160 ரூபாய்தான் கைக்கு வரும், குக்கருக்கு அந்தக் கவலை இல்லை.

நடத்துகிறவர் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தில் எதையும் காட்டக்கூடாது. ‘லாக் பண்ணிடலாமா?’ என்பதைச் சரியான பதிலுக்கும் தப்பான பதிலுக்கும் ஒரே குரலில் கேளுங்கள். லாக் ஆன பிறகு, அவர் உங்கள் சொந்த மாமாவாகவே இருந்தாலும், பதிலை மாற்ற விடாதீர்கள்.