கேபினிலும் செட்டிலும் உழைத்தவர்களின் தொழில் நினைவைப் பதிவு செய்வது எப்படி?

திரைக்குப் பின்னால் முப்பது, நாற்பது வருடம் உழைத்துவிட்டு ஓய்ந்து உட்கார்ந்திருப்பவர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் உண்டு. கோடம்பாக்கத்தில் லைட்மேனாகவும் மேக்கப் உதவியாளராகவும் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், எடிட்டிங் அறையில் பிலிம் ஒட்டியவர்கள், இங்கேயே தியேட்டர் கேபினில் (படம் ஓட்டும் அறையில்) ஆபரேட்டராக இருந்து டிஜிட்டல் வந்ததும் வேலை போனவர்கள், பேனர் எழுதியவர்கள், படப்பெட்டி சுமந்தவர்கள். பலருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்கள் கைக்குத் தெரிந்த வேலையை யாரும் முழுதாக எழுதி வைக்கவில்லை. வீட்டில் அப்படி ஒரு தாத்தா இருக்கிற பிள்ளைகளுக்கும், ஊர் வரலாற்றில் அக்கறை உள்ளவர்களுக்கும் இந்தக் குறிப்பு.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: நடிகரைப் பற்றிக் கேட்காதீர்கள், வேலையைப் பற்றிக் கேளுங்கள். "எம்.ஜி.ஆரைக் கிட்டத்துல பாத்தீங்களா ஐயா?" என்று ஆரம்பித்தால், கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் பலமுறை சொல்லி மெருகேறிய கதைதான் வரும். "கேபின் கதவைத் திறந்ததும் முதல்ல எதைத் தொடுவீங்க?" என்று கேளுங்கள். அவர் ஒரு நிமிடம் யோசிப்பார். யாரும் இதுவரை கேட்காத கேள்வி அது. அதற்கு வரும் பதில்தான் நமக்கு வேண்டியது.

போவதற்கு முன்

தொழிலின் அடிப்படைக் கணக்கு தெரியாமல் போனால் அவர் சொல்வதில் பாதி நழுவிவிடும். 35 மி.மீ. பிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம், அதாவது 16 தனிப்படம். நொடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. ஆகவே நிமிடத்துக்கு 90 அடி. 1,000 அடி ரீல் ஏறக்குறைய 11 நிமிடம். இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி, அதாவது பதினாலு ரீல். தியேட்டரில் இரண்டு ரீலை ஒட்டி 2,000 அடி ஸ்பூலாக்கி ஓட்டுவார்கள், அது 22 நிமிடம் வரும். இதைத் தெரிந்து வைத்திருந்தால், "பன்னெண்டாவது ரீல்ல பாட்டு, அப்பதான் டீ குடிக்கப் போவோம்" என்று அவர் சொல்லும்போது, படம் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும் என்று உங்களுக்கே புரியும். நீங்கள் புரிந்துகொள்கிறீர்கள் என்று தெரிந்தால் அவர் இன்னும் உள்ளே போவார்.

லைட்மேன் என்றால் விளக்குகளின் அளவைப் படித்துக்கொள்ளுங்கள்: பேபி 1 கிலோவாட், ஜூனியர் 2, சீனியர் 5, அதற்கு மேல் டென் கே, அதாவது 10. இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவில் மின்பொறி எரியும் ஆர்க் விளக்குகளில் பெரியதான புரூட் 225 ஆம்பியர் இழுக்கும். எரிய எரியக் கார்பன் தேயும் என்பதால் அதன் பக்கத்திலேயே ஒருவர் நிற்க வேண்டியிருந்தது. அந்த ஒருவர் எங்கே நின்றார், வெப்பத்தை எப்படித் தாங்கினார், டேக் நடுவில் கார்பன் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் தனித்தனிக் கேள்விகள். மேக்கப்காரர் என்றால் கறுப்பு வெள்ளையிலிருந்து கலருக்கு மாறியபோது முகத்துக்குப் போடும் நிறம் எப்படி மாறியது, ஒட்டுமீசைக்கு எந்தப் பசை, அதை எதைக்கொண்டு எடுத்தார்கள், வியர்வையில் விளிம்பு கிளம்பினால் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம்.

கடலூர், புதுச்சேரி பக்கத்தில் இன்னொரு கேள்வியையும் விடக்கூடாது: நாடகக் கம்பெனியிலோ தெருக்கூத்திலோ இருந்து வந்தவரா, அல்லது அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அங்கிருந்து வந்தவரா? நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தது புதுச்சேரியில்தான், அவர் சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. மேடையில் படுதா கட்டியவர்களும் அரிதாரம் பூசியவர்களும் பிறகு செட்டுக்குள் போன வழியை, இந்தத் தலைமுறையிடம் கேட்டால்தான் உண்டு.

கேள்வியை அடுக்கும் விதம்

ஒரு நாள் வேலையை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை வரிசையாகக் கேட்பதுதான் சிறந்த வழி. தியேட்டர் ஆபரேட்டரை எடுத்துக்கொள்வோம். பெட்டி எந்த பஸ்ஸில் வரும், யார் போய் எடுப்பார்கள், பிரிண்ட்டை ஓட்டிப் பார்க்கும்போது விரலை விளிம்பில் எப்படி வைப்பார், கிழிந்த பெர்ஃபரேஷன் (பிலிம் ஓரத் துளை) எப்படித் தட்டுப்படும், எமல்ஷனை (படம் பதிந்த பூச்சை)ச் சுரண்டி சிமெண்ட் என்ற பிலிம் பசை போட்டு எத்தனை நொடி அழுத்துவார், ஒரு ஒட்டலில் எத்தனை பிரேம் போகும்.

அடுத்து மெஷின் மாற்றும் இடத்துக்கு, அதாவது ஒரு புரொஜெக்டரில் ஸ்பூல் முடியும்போது அடுத்த ஸ்பூலை இரண்டாவது புரொஜெக்டரில் தொடரும் இடத்துக்கு வாருங்கள். இங்கே அவசரப்படாதீர்கள், அரை மணி நேரம் இதற்கே கொடுக்கலாம். ஸ்பூல் முடிய ஏறக்குறைய 8 நொடி இருக்கும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி தெரியும். அது இருப்பது 4 பிரேம்தான், நொடியில் ஆறில் ஒரு பங்கு. அதைக் கண்டதும் அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். கடைசி நொடியில் இரண்டாவது புள்ளி வரும். அதில் இந்த ஷட்டரை மூடி அந்த ஷட்டரைத் திறந்து, சவுண்டையும் மாற்ற வேண்டும். இதெல்லாம் எங்கும் கிடைக்கிற தகவல். நீங்கள் கேட்க வேண்டியது இதற்கு நடுவில் இருப்பது: இரண்டாவது மெஷினில் ஆர்க்கை எப்போது பற்ற வைப்பார்? கண் திரையில் இருக்கும்போது எந்தக் கை எதன்மேல் இருக்கும்? பழைய பிரிண்ட்டில் அந்தப் புள்ளி இருந்த பகுதியே வெட்டுப்பட்டுப் போயிருந்தால் எதை வைத்துப் பிடிப்பார், வசனத்தையா, ஸ்பூலில் மிச்சம் இருக்கும் பிலிமின் கனத்தையா, மெஷின் சத்தத்தையா?

கெட்டுப்போன நேரங்களைக் கட்டாயம் கேளுங்கள். வேலை சரியாக நடந்த நாள் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. காரணம் தெரிந்து கேட்டால் பதில் நீளும். கார்பன்களின் இடைவெளி விலகினால் படம் மங்கித் துடிக்கும். கேட்டில் (விளக்கொளி பிலிமில் விழும் இடத்தில்) பிலிம் நின்றுவிட்டால் அந்த பிரேம் உருகிக் கொப்பளிப்பது திரையிலேயே தெரியும். சவுண்டைப் படிக்கும் இடம் படம் விழும் இடத்திலிருந்து சுமார் 20 பிரேம் தள்ளி இருக்கிறது. அதனால் கீழ் லூப்பை, அதாவது கேட்டுக்குக் கீழே தளர்வாக விடும் பிலிம் வளைவை, அளவு தவறிப் போட்டால் உதடு ஒரு பக்கமும் வசனம் ஒரு பக்கமும் போகும். "லூப்பை எத்தனை விரல் அளவு விடுவீங்க?" என்று கேளுங்கள். அவர் வாயால் சொல்ல மாட்டார், விரலைத்தான் காட்டுவார்.

அதனால்தான் குரலோடு நிறுத்தாமல் கையையும் படம் பிடிக்கச் சொல்கிறோம். ஒரு செல்போனை ஸ்டாண்டில் வைத்து, முகத்தை விட்டுவிட்டு, மடியிலும் மேசையிலும் இருக்கும் கைகளைப் பிடிக்கும்படி நிறுத்துங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் படம் துடித்தால் ஷட்டரை 1/50க்கு மாற்றுங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அவரிடம் மிஞ்சியிருக்கும் பொருள் எதுவானாலும் கையில் கொடுங்கள்: ஸ்பிளைசர் (பிலிம் ஒட்டும் கருவி), எரிந்த கார்பன் துண்டு, பவுடர் பஃப், பேனர் பிரஷ். ஒன்றுமே இல்லாவிட்டால் பழைய 35 மி.மீ. பிலிம் துண்டு இரண்டடி கொண்டுபோங்கள். பொருள் கைக்கு வந்ததும் பேச்சின் தன்மையே மாறிவிடும்.

ஒலி

பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூட மன்னிக்கலாம், சீலிங் ஃபேனை மன்னிக்க முடியாது. காலர் மைக் போட்டாலும் அந்தக் காற்று பதிவில் ஏறும், பிறகு நீக்குவது கடினம். ஆனால் கடலோரப் புழுக்கத்தில் வயதானவரை ஃபேன் இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார வைப்பது தவறு. இருபது நிமிடம் பதிவு, பிறகு ஃபேனைப் போட்டுப் பத்து நிமிடம் மோர், தண்ணீர் என்று துண்டு துண்டாகப் போங்கள். ஃப்ரிட்ஜ் இருக்கும் அறை வேண்டாம்.

காலை பத்திலிருந்து பன்னிரண்டு நல்ல நேரம். மதியத்துக்கு மேல் கடல்காற்று கிளம்பி ஜன்னலையும் தென்னை ஓலையையும் அடிக்க ஆரம்பிக்கும். ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர் இல்லாத தெருவே கிடைக்காது. மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் பக்கம் பதிவு வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைலாக இருக்கட்டும். ஒற்றை மைக்குக்கு மணிக்குச் சுமார் 520 எம்.பி. ஆகும். குரல் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும், திடீரென்று சிரித்தாலும் உடையாது. தொடங்குமுன் யாரும் பேசாமல் அறையின் சத்தத்தை 30 நொடி எடுத்துக்கொள்ளுங்கள். கேபின் இரைச்சலில் பல வருடம் இருந்தவருக்குக் காது மந்தமாக இருக்கலாம். நான்கடிக்குள், அவர் உங்கள் உதட்டைப் பார்க்கும்படி உட்காருங்கள்.

மகனோ மருமகளோ இடையில் புகுந்து பதில் சொல்வது எல்லா வீட்டிலும் நடக்கும். அவர்களைப் பக்குவமாக வேறு அறைக்கு அனுப்புங்கள். அவர் மனைவியிடம் மட்டும் இன்னொரு நாள் தனியாகப் பேசுங்கள். செகண்ட் ஷோ முடிந்து இரவு இரண்டு மணிக்கு வருகிறவருக்குச் சோறு எடுத்து வைத்தவர் அவர். பேட்டா எந்தக் கிழமை வந்தது, எந்த மாதம் வரவில்லை, எதை அடகு வைத்தார்கள் என்ற கணக்கு அந்த அம்மாவிடம்தான் இருக்கும்.

வருடத்தைப் பிடிப்பது

"எந்த வருஷம்?" என்று கேட்டால் தோராயமாக ஒன்றைச் சொல்லிவிட்டு அதையே பிடித்துக்கொள்வார். சுற்றி வளைத்துக் கேளுங்கள்: பெரிய பெண் பிறப்பதற்கு முன்னாலா, எம்.ஜி.ஆர் இறந்த 1987 டிசம்பரில் எந்த தியேட்டரில் இருந்தீர்கள், சுனாமி வந்த 2004இல் கேபினில் பிலிம்தானா, தானே புயல் அடித்த 2011 கடைசியில் டிஜிட்டல் வந்துவிட்டதா? புதுச்சேரிக்காரர் இன்னும் மூத்தவர் என்றால் 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர் கையை விட்டு ஆட்சி மாறியதைக்கூட ஒரு அடையாளமாக வைக்கலாம். ஆபரேட்டர் லைசென்ஸ், யூனியன் கார்டு, சம்பள நோட்டு இருந்தால் தேதி அதிலேயே கிடைக்கும். அவர் சொன்னது தப்பென்று தெரிந்தாலும் அப்போதே திருத்தாதீர்கள். உங்கள் நோட்டில் குறித்து வையுங்கள், திருத்திக் காட்டினால் அதற்கப்புறம் அவர் யோசித்து யோசித்துத்தான் பேசுவார்.

பெட்டியில் இருக்கும் படங்களும் பிலிமும்

டிரங்குப் பெட்டியைத் திறக்கும் வேலையைப் பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தால் ஈரக்காற்று உள்ளே புகுந்து ஒரே மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். போட்டோக்களை லேமினேட் செய்யவே கூடாது. ஒட்டும் ஆல்பத்திலிருந்து இழுத்துப் பிய்க்காதீர்கள், வராவிட்டால் பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். 4×6 அங்குலப் படத்துக்கு 600 டி.பி.ஐ. போதும், நெகட்டிவுக்குக் குறைந்தது 2,400 வேண்டும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையும், பென்சிலில் எழுதிய சீன் நம்பரும் அங்கேதான் இருக்கும்.

பிலிம் துண்டு புளித்த காடி வாசனை அடித்தால் அதன் அடித்தளம் சிதைகிறது என்று அர்த்தம். அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் நல்ல பிலிமையும் கெடுக்கும், அதனால் தனியாகப் பிரித்துவிடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் சிதைவு வேகமாகும், அதைவிட அட்டைப்பெட்டி நல்லது. 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய ரீல் என்றால் அது எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட்டாக இருக்கலாம். பிசுபிசுப்போ பழுப்புத் தூளோ தெரிந்தால் பிரிக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், பக்கத்தில் தீக்குச்சி கிழிக்காதீர்கள். புனேவில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

ஒப்புதல், எழுத்து, நகல்

ஒரு பக்கத்தில் தமிழில் ஒப்புதல் கடிதம் போதும்: யார் எடுத்தது, எங்கே வைக்கப்படும், எந்தப் பகுதியை வெளியே விடக்கூடாது. சம்பளம் தராத தயாரிப்பாளர் பெயர், இறந்துபோன நடிகையின் சொந்த விஷயம் போன்றவை பேச்சோடு பேச்சாக வந்துவிடும். அந்த இடங்களை அவருக்கே திரும்பப் போட்டுக் காட்டி முடிவு கேளுங்கள். போகிற நாளுக்கு ஏதாவது ஒரு தொகை கொடுங்கள். வாழ்நாள் முழுக்க நாள்கூலிக்கு உழைத்தவரின் ஒரு நாளை இலவசமாக எடுத்துக்கொள்வது சரியில்லை.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். "ரெக்டிபயர்" (ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக்கும் கருவி) என்றால் ரெக்டிபயர்தான், தமிழாக்கம் எதுவும் வேண்டாம். கடலூர்ப் பேச்சை மேடைத்தமிழாக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தைக் குறியுங்கள்.

முதல் பதிவை அன்றிரவே கேட்டு, புரியாத இடங்களைப் பட்டியல் போட்டு, ஒரு வாரத்துக்குள் திரும்பப் போங்கள். கேள்வி அவர் மனதில் ஓடிக்கொண்டிருக்கும், இரண்டாவது சந்திப்பில்தான் நுணுக்கம் வரும். மூன்று நகல் எடுங்கள்: ஒன்று உங்களிடம், ஒன்று அந்தக் குடும்பத்திடம், ஒன்று வெளியூரில். 2015 மழையில் கடலூர் மாவட்டத்தில் வீடுகளுக்குள் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பார்த்தவர்கள், மூன்றையும் ஒரே ஊரில் வைக்க மாட்டார்கள்.