எக்செல்லிலேயே மூளை அலையின் ஃபிராக்டல் பரிமாணம் கண்டுபிடிக்கலாம்

மூளை அலைகள் ஃபிராக்டல் வடிவம் (பெரிதாக்கிப் பார்த்தாலும் அதே கரடுமுரடு தெரியும் வடிவம்) கொண்டவை, மூளை கேயாஸ் முறையில் (விதிப்படி நடந்தாலும், தொடக்கத்தில் சிறிது மாறினாலே போக்கு முற்றிலும் மாறிவிடும் இயக்கம்) இயங்குகிறது என்றெல்லாம் படித்திருப்பீர்கள். ஒரு கோடு எவ்வளவு கரடுமுரடானது என்பதை 1-க்கும் 2-க்கும் இடையே ஓர் எண்ணாகச் சொல்வதுதான் ஃபிராக்டல் பரிமாணம். அதைச் சோதித்துப் பார்க்க பைத்தான் போன்ற நிரல்மொழிகூடத் தேவையில்லை; எக்செல்லோ கூகுள் ஷீட்ஸோ போதும்.

படி 1: தரவு

ஜெர்மனியின் பான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட இ.இ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஐந்து பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 100 கோப்புகள். ஒரு கோப்பு 23.6 விநாடிப் பதிவு. திறந்தால் 4097 வரிகளில் வெறும் எண்கள்தான். கண்களை மூடியிருந்த ஆரோக்கியமானவர்களின் 'பி' பிரிவிலிருந்து ஒன்றை எடுத்து முதல் நெடுவரிசையில் ஒட்டுங்கள்.

படி 2: கழித்தல்

அடுத்த நெடுவரிசையில், ஒவ்வொரு எண்ணுக்கும் அதற்கு அடுத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போடுங்கள். கழித்தல் குறி வேண்டாம், அளவு மட்டும். முழு நெடுவரிசைக்கும் சராசரி எடுங்கள். அப்புறம் இரண்டு வரி தள்ளி, நான்கு வரி தள்ளி இதையே செய்யுங்கள். மூன்று சராசரிகள் கிடைக்கும்.

படி 3: விகிதம்

இடைவெளி இரட்டிப்பானபோது சராசரி எத்தனை மடங்கானது? சரியாக 2 மடங்கு என்றால் கோடு வழவழப்பானது, பரிமாணம் 1. மாறவே இல்லை என்றால் வெறும் இரைச்சல், பரிமாணம் 2. நடுவில் வந்தால், விகிதத்துக்கு 2-ஐ அடிமானமாகக் கொண்டு மடக்கை எடுத்து, அதை 2-லிருந்து கழியுங்கள். உதாரணமாக, சராசரி 10-லிருந்து 14 ஆனால் விகிதம் 1.4, மடக்கை சுமார் 0.49, பரிமாணம் 1.51.

ஆர்வத்தில் 16 வரி வரை போய்விடாதீர்கள். கண் மூடியிருக்கும்போது வரும் ஆல்ஃபா அலை சுமார் 10 ஹெர்ட்ஸ். இந்தத் தரவில் விநாடிக்கு 173.61 அளவுகள் என்பதால், அதன் ஒரு சுற்று ஏறக்குறைய 17 வரிகள். 16 வரி தள்ளிக் கழித்தால் அலை கிட்டத்தட்ட கிளம்பிய இடத்துக்கே திரும்பியிருக்கும். சராசரி உயராது, கணக்கு கெட்டுப்போகும். 1 வரியிலிருந்து 2 வரிக்கும், 2 வரியிலிருந்து 4 வரிக்கும் விகிதங்கள் வெகுவாக வேறுபட்டால், அப்போதும் ஒரே எண்ணைப் 'பரிமாணம்' என்று சொல்வது சரியில்லை.

படி 4: போலியோடு ஒப்பிடுங்கள்

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். புதிய ஷீட்டில் −0.5-க்கும் 0.5-க்கும் இடையே 4097 தற்செயல் எண்களை உருவாக்கி, பக்கத்து நெடுவரிசையில் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். அந்தக் கூட்டுத்தொகை நெடுவரிசைக்கும் அதே கணக்கு. 1 வரியிலிருந்து 2 வரிக்கு விகிதம் சுமார் 1.33, பரிமாணம் சுமார் 1.58; 2 வரியிலிருந்து 4 வரிக்கு விகிதம் சுமார் 1.4, பரிமாணம் 1.5-ஐ ஒட்டி வரும். இங்கே மூளையும் இல்லை, கேயாஸும் இல்லை!

ஆகவே 1.5 போன்ற பின்னப் பரிமாணம் வந்தாலே கேயாஸ் என்று எழுதும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. கேயாஸைத் தேடுபவர்கள் அசல் அலையின் அதிர்வெண் வலிமைகளை (ஒவ்வொரு அதிர்வெண்ணும் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை) அப்படியே வைத்து, அந்தந்த அலை தன் சுற்றில் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்ற கட்டங்களை மட்டும் கலைத்துப் போலி அலைகளை உருவாக்குவார்கள். 1992-இல் ஜேம்ஸ் தைலரும் சக ஆய்வாளர்களும் விளக்கிய முறை இது. அசலுக்கும் போலிக்கும் ஒரே விடை வந்தால், அந்த அளவீடு கேயாஸுக்குச் சான்றாகாது. நாம் இங்கே போட்ட கணக்கு பெரும்பாலும் அதிர்வெண் வலிமையை மட்டுமே பார்ப்பது என்பதால், அந்தச் சோதனையில் அசலையும் போலியையும் பிரித்துக் காட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.