அழுகை எங்கிருந்து பிறக்கிறது: குடும்பத் தொடருக்குப் பாத்திரங்களை எழுதும் முறை

குடும்பத் தொடர் எழுத வருபவர்களில் பலர் நிகழ்ச்சிகளிலிருந்தே தொடங்குகிறார்கள். ஒரு விபத்து, ஒரு சாவு, நின்றுபோகும் ஒரு திருமணம் என்று வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, அவற்றுக்கு ஏற்ற ஆட்களைப் பிறகு தேடுகிறார்கள். அப்படி உருவான காட்சியில் பாத்திரம் கதறி அழும். பார்ப்பவரின் கண் கலங்காது. நமக்குத் தெரியாத ஒருவரின் துக்கம் நமக்குச் செய்தி மட்டுமே.

தொல்காப்பியத்தில் உணர்ச்சிகள் வெளிப்படுவதைப் பேசும் பகுதியான மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவது இளிவு; உறவையோ உடைமையையோ பறிகொடுப்பது இழவு; முன்பிருந்த நிலை கெட்டுத் தளர்வது அசைவு. எழுதுபவர்கள் இந்த நான்கில் இழவையே அதிகம் நம்புகிறார்கள் என்பது என் எண்ணம். ஆனால் ஒரு வீட்டுக்குள் சாவு என்றோ ஒருநாள்தான் வருகிறது. இளிவும் அசைவும் சாப்பாட்டு வேளையிலேயே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. எனவே உங்கள் பாத்திரம் ஒவ்வொன்றுக்கும், அது எந்த நிலையிலிருந்து தளர்ந்திருக்கிறது, யார் முன்னால் சிறுமைப்படக் கூசுகிறது என்ற இரண்டையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. முப்பது ஆண்டுகள் வீட்டுச் செலவைத் தன் கையில் வைத்திருந்த தகப்பனார், ஓய்வு பெற்றபின் அந்தப் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்துவிட்டார். இப்போது அவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்க மகனிடம் பணம் கேட்க வேண்டும், அவர் கேட்கவில்லை. செய்தித்தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் படிப்பதாகக் காட்டிக்கொள்கிறார். பேரன் பாடத்தில் சந்தேகம் கேட்டால், "அம்மாகிட்ட கேளுப்பா" என்று அனுப்பிவிடுகிறார். மருமகள் இதைக் கவனிக்கிறாள், ஆனால் கேட்டால் அவர் கூசிப்போவார் என்று அவளும் பேசாமலிருக்கிறாள். இங்கே யாரும் கெட்டவர் இல்லை, யாரும் சாகவும் இல்லை. அவர் எதை மறைக்கிறார் என்பது பார்ப்பவருக்குத் தெரிந்திருப்பதால், அவர் செய்தித்தாளை மடித்து வைக்கும் செயலே நெஞ்சை அடைத்துவிடுகிறது. அவர் வாய்விட்டுத் தன் நிலையைச் சொல்லிப் புலம்பியிருந்தால் இந்தக் கனம் போயிருக்கும்.

பணத்தைப் பற்றி ஒரு சொல்: யார் சம்பாதிக்கிறார், யார் கையில் சாவி இருக்கிறது, யார் யாரிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்பவை தெளிவாக இல்லாத குடும்பம் திரையில் நம்பும்படி அமையாது.

கொடுமை செய்யும் பாத்திரத்துக்கு இன்னும் அதிக உழைப்பு வேண்டும். மருமகளை வாட்டும் மாமியாரை எழுதுகிறீர்கள் என்றால், அவர் தன் செயலைத் தானே விளக்குவதுபோல ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். படித்து முடித்ததும் ஓரிடத்திலாவது "இதுவும் நியாயம்தானே" என்று உங்களுக்குத் தோன்றவில்லையென்றால், நீங்கள் எழுதியிருப்பது ஒரு பொம்மை. பார்ப்பவர் அந்தப் பொம்மையை வெறுப்பார், அதற்காகவோ அதனாலோ வருந்தமாட்டார்.

வசனத்தில், உள்ளே இருப்பதை நேராகச் சொல்லும் வரிகளை நீக்குங்கள். வீட்டில் மனிதர்கள் ஒன்றுக்காக மனம் நொந்து, வேறொன்றுக்காகச் சண்டையிடுகிறார்கள். தமிழில் விளிப்பதே பெரிய கருவி: எப்போதும் "அண்ணே" என்று அழைக்கும் தம்பி ஒருநாள் அந்தச் சொல் இல்லாமல் பேசினாலோ, கணவனை "நீ" என்று உரிமையோடு அழைக்கும் மனைவி திடீரென "நீங்க" என்றாலோ, பார்ப்பவருக்கு விரிசல் புரிந்துவிடும்.

தொலைக்காட்சி அண்மைக்காட்சிகளை நம்பி இயங்கும் ஊடகம். முகம் திரையை நிறைத்து நிற்கும்போது இமை தாழ்வதுகூடத் தெரியும். ஆகவே கனமான வரியைச் சொல்பவரைவிட அதைக் கேட்பவரின் முகத்துக்கு நேரம் கொடுங்கள். அதே முகத்தை உரத்த இசையோடு மூன்றுமுறை திரும்பக் காட்டுவது அந்த உணர்வைக் கலைத்துவிடும்.

நெடுந்தொடரில் கதை, திரைக்கதை, வசனம் ஆகியவற்றை வெவ்வேறு கைகள் எழுதுவதால், பாத்திரத்தின் நினைவு எளிதில் அறுந்துபோகிறது. இதற்காக ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குறிப்பேடு வைத்து, அவர் பட்ட அவமானம், கொடுத்த வாக்கு, சொன்ன பொய் ஆகியவற்றை அத்தியாய எண்ணோடு பதிவு செய்யுங்கள். 40ஆம் அத்தியாயத்தில் எல்லார் முன்னிலையிலும் திட்டு வாங்கிய மகள், 90ஆம் அத்தியாயத்தில் அதே கூடத்தில் உட்காரத் தயங்க வேண்டும். அந்தத் தயக்கத்துக்கு வசனம் எழுத வேண்டாம்.