மென்பொருளைப் பொதுக் களத்தில் விடுவது எப்படி?

உரிமக் கோப்பு இல்லாமல் நிரலை இணையத்தில் போட்டால் அது பொதுக் களத்துக்கு, அதாவது யாரும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தும் நிலைக்கு, வந்துவிடாது. பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி எழுதிய கணமே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது; அதை வெளிப்படையாகத் துறக்க வேண்டும்.

முதலில் நிரல் உங்களுடையதுதானா என்று பாருங்கள். வேலையின் பகுதியாக எழுதியது பெரும்பாலும் நிறுவனத்துக்கே சொந்தம். பிறர் திருத்தங்கள் அனுப்பியிருந்தால் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஜிபிஎல் என்ற நிபந்தனையுள்ள திறந்த உரிமத்தில் பிறர் வெளியிட்ட நிரலிலிருந்து நகலெடுத்த பகுதியைத் துறக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. நீக்கிவிட்டுப் புதிதாக எழுதுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்.

‘இது பொதுக் களம்’ என்ற ஒற்றை வரி போதாது. ஜெர்மனியில் பதிப்புரிமையை முழுதாகத் துறக்கவே முடியாது. கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் துறப்பு ஆவணமான சிசி ஜீரோ 1.0 இதற்கு வழி வைத்திருக்கிறது: துறப்பு செல்லாத இடத்தில் அதுவே நிபந்தனையற்ற உரிமமாகச் செயல்படும். அதன் முழு வாசகத்தையும் ஒரு சொல்லும் மாற்றாமல் லைசென்ஸ் கோப்பாகத் திட்டத்தின் முதன்மைக் கோப்புறையில் வையுங்கள். ஒவ்வொரு நிரல் கோப்பின் தலைப்பிலும் ஒரு வரிக் குறிப்பு சேருங்கள்; கோப்புகள் தனித்தனியே பிரிந்து போகும்போது அதுதான் துணை.

ஒரு குறை உண்டு: சிசி ஜீரோ பேட்டன்ட் (கண்டுபிடிப்புக் காப்புரிமை) உரிமையை விட்டுக்கொடுப்பதில்லை. அதனால்தான் 2022-இல் ஃபெடோரா என்ற லினக்ஸ் தொகுப்பு புதிய நிரல்களுக்கு அதை ஏற்பதை நிறுத்தியது. அத்தகைய தொகுப்புகளில் உங்கள் நிரல் சேர வேண்டுமானால் ஜீரோ பிஎஸ்டி என்ற உரிமம் நல்ல தேர்வு. பதிப்புரிமை உங்களிடம் இருக்கும், நிபந்தனை எதுவும் இராது.

துறந்ததைத் திரும்பப் பெற முடியாது.