எந்தச் செடியைப் பிடுங்குவது, எதை விடுவது?

அயல்நாட்டுச் செடிகளையெல்லாம் ஒழிக்க வேண்டும் என்று யாராவது கிளம்பினால், முதலில் அவர் வீட்டு அடுப்படியைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். மிளகாய், தக்காளி, நிலக்கடலை, கொய்யா எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. முதுகுளத்தூர்ப் பக்கம் நாங்கள் போடும் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனால் உழுது, விதைத்து, களையெடுத்தால்தான் அது காய்க்கும். கவனிக்காமல் விட்டால் போய்விடும். அது அயல் தாவரம், அவ்வளவுதான்.

சீமைக்கருவேலமும் அமெரிக்கப் பக்கத்துச் சரக்குதான். அதற்கு உழவும் வேண்டாம், நீரும் வேண்டாம். ஆகவே, எங்கிருந்து வந்தது என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். யாரும் போடாமல் முளைக்கிறதா, வரப்பைத் தாண்டிப் பரவுகிறதா, பரவிய இடத்தில் மற்றதை வளரவிடுகிறதா என்று அடுத்த கோடை வரை பாருங்கள். குப்பைமேட்டில் தக்காளியும் தானாக முளைக்கும். கண்மாயை வளைத்துப் பிடிக்காது. கோரை உயிரை வாங்கும்தான், ஆனால் அது இந்த மண்ணுக்கே உரிய களை. அயலிலிருந்து வந்து, தானே பரவி, இருப்பதையும் விரட்டினால்தான் ஆக்கிரமிப்புத் தாவரம்.

வெட்டக் கிளம்புமுன் காயையும் பூவையும் பார்ப்பது முக்கியம். நாட்டுக் கருவேலங்காய் விதைக்கு விதை இடுங்கி, மணி கோத்ததுபோல் இருக்கும்; பூ மஞ்சள் உருண்டை. சீமைக்கருவேலங்காய் இடுங்காமல் நீளமாக, பழுத்தால் வைக்கோல் நிறத்தில் இருக்கும். பூ கதிர்போல் நீண்டிருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் இயந்திரத்தைக் கண்மாய்க்குள் இறக்கினால் நாட்டு மரமும் சேர்ந்து போகும். முதுகுளத்தூர் அருகே காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயத்தில் கொக்கும் நாரையும் கூடு கட்டுவது அந்த நாட்டுக் கருவேல மரங்களில்தான்.

நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டீர்களா? இனிப்புக்காக ஆடு தின்ற சீமைக்கருவேல நெற்று, புழுக்கை வழியே விதையாகத் திரும்பும். முதல் மழைக்குப் பிறகு, ஈரம் காயுமுன் கன்றுகளைக் கையாலேயே பிடுங்கிவிடுங்கள். முள் முற்றியபின் கடப்பாரைதான்.

வளர்ந்த மரமென்றால் காய் உதிருமுன் வெட்ட வேண்டும். கரிமூட்டம் போடுகிறவர்கள் மரத்துக்கு விலை கொடுத்தே எடுத்துக்கொள்வார்கள். தூரைத் தோண்டி எடுப்பதையும் பேரத்திலேயே சேர்த்துவிடுங்கள். தரைக்கு மேலே மட்டும் வெட்டிக்கொண்டு போனால், அடுத்த மழைக்கு ஒன்று நான்காகத் துளிர்த்து நிற்கும்.