ராபிட்எம்க்யூ வழியே ஆர்பிசி: விடை வராத வேளைக்கும் சேர்த்து எழுதுவது

இணையக் கடை ஒன்றில் வாடிக்கையாளர் பொத்தானை அழுத்தியதும் ரசீது பிடிஎஃப் கோப்பாக வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தைக் காட்டும் நிரல் ஒரு கணினியிலும், கோப்பை உருவாக்கும் நிரல்கள் வேறு சில கணினிகளிலும் ஓடுகின்றன. முதல் நிரல், அடுத்த கணினியிலுள்ள செயற்கூறைத் தன்னுள்ளேயே இருப்பதைப் போல அழைத்து விடைக்குக் காத்திருப்பதைத்தான் ஆர்பிசி என்கிறோம். இதற்கு நேரடியாக எச்டிடிபி அழைப்பே போதாதா என்று கேட்டால், பெரும்பாலான இடங்களில் போதும் என்றே சொல்வேன். வேலை செய்யும் நிரல்கள் எத்தனை, எங்கே இருக்கின்றன என்பது அழைப்பவருக்குத் தெரியத் தேவையில்லாதபோதும், ஒன்று விழுந்தால் அதன் கையிலிருந்த வேலை மற்றொன்றுக்குப் போக வேண்டியபோதும், அவை வெளியிலிருந்து இணைப்பை ஏற்காத ஃபயர்வாலுக்குப் பின்னால் இருக்கும்போதும் நடுவில் ஒரு மெசேஜ் புரோக்கரை, அதாவது செய்திகளை வாங்கி வரிசைகளில் வைத்து உரிய நிரலிடம் சேர்க்கும் மென்பொருளை, வைப்பதில் பொருள் உண்டு.

2007-இல் வெளிவந்த ராபிட்எம்க்யூ என்னும் புரோக்கரை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அது பேசும் ஏஎம்க்யூபி 0-9-1 நெறிமுறையில் ஆர்பிசிக்கென்று தனிக் கட்டளை எதுவும் இல்லை. செய்தியுடன் செல்லும் இரண்டு பண்புகளைக் கொண்டு அதை நாமே கட்டிக்கொள்கிறோம். கடிதத்துடன் தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறையை வைத்து அனுப்புவது போல, விடையை எந்த வரிசையில் போட வேண்டும் என்பதைச் சொல்வது ‘ரிப்ளை டூ’. அந்த விடை எந்தக் கேள்விக்குரியது என்று காட்டும் அடையாளம் ‘கோரிலேஷன் ஐடி’.

வேலை செய்யும் நிரலிலிருந்து தொடங்குங்கள். ‘ரசீது’ என்றொரு வரிசையை அறிவித்து, ஒரு நேரத்தில் ஒரே செய்தி மட்டும் கைக்கு வரும்படி ப்ரீஃபெட்ச் அளவை 1 என்று வைத்து, தானாக ஒப்புகை (வேலை முடிந்தது, செய்தியை நீக்கலாம் என்னும் தகவல்) போகாத முறையில் வரிசையைக் கேட்கத் தொடங்க, அதாவது அதில் வரும் செய்திகளைப் பெறத் தொடங்க வேண்டும். செய்தி வந்ததும் கோப்பை உருவாக்கி, பெயரற்ற இயல்பு எக்ஸ்சேஞ்சில் (செய்தியை உரிய வரிசைக்குத் திருப்பிவிடும் புரோக்கரின் பகுதியில்), ‘ரிப்ளை டூ’வில் இருந்த பெயரையே ரூட்டிங் கீயாக, அதாவது சேர வேண்டிய இடத்தைக் குறிக்கும் முகவரியாக இட்டு, வந்த ஐடியை மாற்றாமல் ஒட்டி விடையை அனுப்புங்கள். ஒப்புகையை அதன் பிறகே தர வேண்டும். முதலிலேயே தந்துவிட்டால், நடுவில் மின்சாரம் போகும்போது அந்த வேலையும் சுவடின்றிப் போய்விடும்.

அழைக்கும் பக்கத்தில் விடைக்கான வரிசை வேண்டும். ஒவ்வோர் அழைப்புக்கும் புதிய வரிசையை உருவாக்கி அழிப்பது புரோக்கருக்கு வீண் சுமை; ஒரு நிரலுக்கு, அதன் இணைப்புக்கு மட்டுமே உரிய ஒரு வரிசை போதும். ராபிட்எம்க்யூ 3.4.0 முதல் அதுவும் தேவையில்லை: ‘டைரக்ட் ரிப்ளை டூ’ என்னும் போலி வரிசையைப் பயன்படுத்தினால், விடை எந்த வரிசையிலும் தங்காமல் நேராக நம் சேனலுக்கு (புரோக்கருடனான இணைப்புக்குள் ஓடும் தனித்தடத்துக்கு) வந்து சேரும். அந்தப் போலி வரிசையை ஒப்புகை இல்லாத முறையில் கேட்கத் தொடங்கிய பின்னரே, அதே சேனலில் கேள்வியை அனுப்ப வேண்டும். வரிசைமுறை மாறினால் புரோக்கர் பிழை காட்டிச் சேனலை மூடிவிடும்.

இதுவரை சொன்னதை அரை நாளில் எழுதிவிடலாம். காலக்கெடுவில்தான் உண்மையான வேலை இருக்கிறது. நான் ஒருமுறை சரிபார்த்த நிரலில், காத்திருக்கும் வேளையில் முதலில் வந்து சேரும் செய்தியையே விடையாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஐடியை அனுப்பினார்கள், ஆனால் ஒப்பிடவில்லை. ஒரு நாள் ஒரு கோப்பு தயாராக ஐந்து வினாடிக்கு மேல் ஆனது. அழைத்தவர் பொறுமையிழந்து அடுத்த கேள்விக்குப் போய்விட, முதல் கேள்வியின் விடை இரண்டாம் கேள்வியின் காத்திருப்பில் வந்து விழுந்தது. அதன் பின் நிரலை மறுபடி தொடங்கும்வரை ஒவ்வொருவருக்கும் முந்தைய ஆளின் ரசீதே போய்க்கொண்டிருந்தது. பிழைப்பதிவில் ஒரு வரிகூட இல்லை.

எனவே, அனுப்பும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு புதிய யுயுஐடியை (வேறெதனுடனும் மோதாத தனி அடையாளத்தை) உருவாக்கி, நிலுவைப் பட்டியலில் எழுதி வையுங்கள். விடை வந்தால் பட்டியலில் தேடி உரிய இடத்தில் சேர்த்துவிட்டு அந்த ஐடியை நீக்குங்கள். கெடு முடிந்தாலும் நீக்குங்கள். பட்டியலில் இல்லாத ஐடியுடன் எது வந்தாலும் தூக்கி எறியுங்கள். ஐந்து வினாடி காத்திருப்பதாக இருந்தால் செய்தியின் ‘எக்ஸ்பிரேஷன்’ பண்பிலும் 5000 என்று மில்லிவினாடியில் எழுதுங்கள். அதை எண்ணாக அல்ல, எழுத்துச்சரமாகத் தர வேண்டும். அப்போது, யாரும் காத்திராத கேள்விகளுக்காகப் வேலை செய்யும் நிரல்கள் உழைத்துக் களைக்கமாட்டா. ஆனால் இந்தக் கெடு வரிசையில் கிடக்கும் செய்திக்குத்தான் பொருந்தும்; ஏற்கெனவே ஒரு நிரல் எடுத்துக்கொண்ட வேலையை அது நிறுத்தாது. ‘மேண்டட்டரி’ கொடியையும் உயர்த்தி அனுப்பினால், ‘ரசீது’ வரிசையே இல்லாத நிலையில் செய்தி உடனே திரும்பி வந்துவிடும். வரிசை இருந்து, கேட்பார் இல்லாத நிலையை அது கண்டுபிடிக்காது.

விடையை அனுப்பிய பின், ஒப்புகை தருவதற்குள் நிரல் விழுந்தால் புரோக்கர் அதே கேள்வியை இன்னொருவரிடம் கொடுக்கும். ரசீதை இருமுறை அச்சிடுவதால் நட்டமில்லை. பணத்தை இருமுறை எடுத்தால் உண்டு. அத்தகைய வேலைகளில் செய்து முடித்த ஐடிகளைத் தரவுத்தளத்தில் பதிந்து வைத்து, மறுபடி வந்தால் பழைய விடையையே தர வேண்டும். அழைப்பவர் மறுமுயற்சி செய்யும்போது அதே ஐடியையே அனுப்ப வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வேலையில் பிழை நேர்ந்தால் செய்தியை மறுபடி வரிசையில் தள்ளாமல், பிழை விவரத்தையே விடையாக அனுப்பி ஒப்புகை தாருங்கள். இல்லையெனில் கெட்ட கேள்வி ஒன்று முடிவின்றிச் சுற்றிக்கொண்டேயிருக்கும். ஒரு வேலையின் நடுவில் அதே வரிசைக்கு இன்னோர் அழைப்பை விடுத்துக் காத்திருப்பதும் கூடாது. ஒரே நிரல்தான் ஓடுகிறது என்றால், அது தன் விடைக்காகத் தானே காத்து நிற்கும்.

எழுதி முடித்ததும் கோப்பு உருவாக்கும் செயற்கூறில் பத்து வினாடித் தூக்கம் (நிரல் சும்மா நிற்கும் இடைவெளி) ஒன்றைச் செருகி, அடுத்தடுத்து இரண்டு வெவ்வேறு ரசீதுகளைக் கேட்டுப் பாருங்கள். இரண்டும் கெடு தாண்டியதாக வர வேண்டும். பிறகு தூக்கத்தை எடுத்துவிட்டு, அழைக்கும் நிரலை நிறுத்தாமலே மூன்றாவது ரசீதைக் கேளுங்கள். மூன்றாவதுதான் வருகிறதா என்று கோப்பைத் திறந்து பாருங்கள்.